பிளேஆஃபில் பை வாரம் இளம் அணிக்கு நல்லதா, கெட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்களிடையே ஜனவரி பிறந்தால் இந்தப் பேச்சும் பிறந்துவிடும். பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுகளில் முதலிடம் பிடித்த அணி ஒரு வாரம் ஆடாமல் இருக்கிறதே (அதுதான் பை வாரம்), அது பலமா பலவீனமா? அணி இளசாக இருந்துவிட்டால் கவலை இரட்டிப்பு. அடிக்கடி வருகிற கேள்விகளையும், ஆட்டங்களைப் பார்த்து எனக்குப் படுகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு சீசனின் பிளேஆஃப் அடுத்த ஆண்டு ஜனவரியில் நடப்பதால், 2019 சீசன் என்று சொன்னால் அதன் பிளேஆஃப் ஜனவரி 2020 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பை வாரம் யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-ல் இரண்டு கான்ஃபரன்ஸ்கள் (அணிப் பிரிவுகள்). 1990 முதல் 2019 சீசன் வரை ஒவ்வொன்றிலிருந்தும் 6 அணிகள் பிளேஆஃபுக்குப் போயின. முதல் இரண்டு அணிகளுக்கு முதல் சுற்று ஆட்டம் கிடையாது. 2020 சீசனிலிருந்து 7 அணிகள், முதலிடத்துக்கு மட்டும்தான் பை. மற்ற ஆறும் வைல்ட் கார்டு எனும் முதல் சுற்றில் மோதும். முதலிடத்து அணி அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் இறங்கும். ஜெயித்து வந்தவற்றில் தரவரிசையில் கடைசியாக இருக்கும் அணிதான் அதற்கு எதிராளி.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், நல்லதா கெட்டதா?

என்.எஃப்.எல்-ல் நல்லது. இளம் அணிக்கும் நல்லதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பை இல்லையென்றால் இரண்டாம் சுற்றைத் தாண்ட இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வாய்ப்பு 36 சதவீதமாகக் குறைகிறது. பை இருந்தால் ஒரே ஆட்டம், அதே 60. ஓய்வினால் டச் விட்டுப்போய் அணி தடுமாறுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தடுமாற்றம் 60-ஐ 36-க்குக் கீழே தள்ளினால்தான் பை நஷ்டம். எந்த ஓய்வும் அவ்வளவு கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை. ஆடாத ஆட்டத்தில் தோற்க முடியாது. இந்தச் சாதாரண விஷயத்தைத்தான் ஒவ்வொரு வருடமும் விவாதத்தில் மறந்துவிடுகிறோம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2020 முதல் 2025 வரை ஆறு சீசன்களில் பை வாங்கிய அணிகள் 12. அவற்றில் 9 அணிகள் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தன. தோற்ற மூன்று: 2021-ல் டென்னசி டைட்டன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், 2024-ல் டெட்ராய்ட் லயன்ஸ். ஆறு சீசன்களின் 12 சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) இடங்களில் 6 பை வாங்கிய அணிகளுக்குப் போயின.

இதை வைத்து "ஓய்வுதான் ஜெயிக்க வைத்தது" என்று சொல்லிவிடவும் முடியாது. பை வாங்குகிற அணி ஏற்கெனவே கான்ஃபரன்ஸிலேயே சிறந்த அணி, ஆடுவதும் சொந்த மைதானத்தில். மூன்றும் சேர்ந்து வருவதால் ஓய்வின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். கெடுக்கிறது என்பதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

அப்படியானால் "டச் விட்டுப்போச்சு" என்ற பேச்சு ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது?

பெரிய காரணம் 2019 சீசனின் பால்டிமோர் ரேவன்ஸ். 14 வெற்றி, 2 தோல்வி (14-2). லமார் ஜாக்சனுக்கு வயது 23, முழுநேர குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) அவருக்கு அதுதான் முதல் சீசன், ஒரு வாக்குகூடச் சிதறாமல் சிறந்த வீரருக்கான எம்.வி.பி விருது. பந்தோடு ஓடும் தரைவழி ஆட்டத்தில் அந்த அணி எடுத்த 3,296 யார்டு ஒரு சீசனுக்கான லீக் சாதனை. முதலிடம் உறுதியானதும் கடைசி வாரம் ஜாக்சனை உட்கார வைத்தார்கள். அப்புறம் பை வாரம். டிசம்பர் 22-ல் கிளீவ்லாண்டில் ஆடியவர் அடுத்து இறங்கியது ஜனவரி 11-ல், டென்னசிக்கு எதிராக. இடைவெளி 20 நாள். டென்னசி 9-7 என்று தட்டுத்தடுமாறி ஆறாவது இடத்தில் உள்ளே வந்த அணி. முடிவு 28-12, ரேவன்ஸ் காலி.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ரேவன்ஸ் எடுத்தது 530 யார்டு. கை கால் வராமல் துவண்டுபோன அணி எடுக்கிற யார்டு இல்லை இது. ஆரம்பத்திலேயே ஒரு பாஸ் சொந்த வீரர் கையில் பட்டுத் தெறித்து இன்டர்செப்ஷன் ஆனது, அதாவது எதிரணி பிடித்துக்கொண்டது. அப்புறம் நான்காவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) ஒரே ஒரு யார்டு தேவை. சீசன் முழுக்க அலட்சியமாக எடுத்த யார்டு அது. ஜாக்சன் தானே ஓடினார், மறித்துவிட்டார்கள். அடுத்து டென்னசி 45 யார்டு டச்டவுன் (பந்தை எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி). மூன்றாம் குவார்ட்டரில் அதே நிலைமை, அதே ஒரு யார்டு, மறுபடியும் மறித்தார்கள். உடனே டெரிக் ஹென்றி 66 யார்டு ஓடினார். அன்று மொத்தம் 195 யார்டு.

என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறு. உலகமே பார்க்காத அளவுக்கு ஓடி ஜெயித்த அணி அன்றைக்கு ஜாக்சனை 59 முறை பந்தை எறிய வைத்தது. அந்த சீசனில் அவர்கள் பின்தங்கி ஆடியது அபூர்வம். 14-0 என்று ஆனதும் கையில் இருந்த பலத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். ஓய்வு செய்த வேலையாக எனக்கு அது தெரியவில்லை. அனுபவம் இல்லாத இடத்தில் வருகிற பதற்றம் அது.

அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

ஜாக்சனின் மற்ற வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். 2018 சீசனில் அவர் முதலாண்டு வீரர், வயது 21. பிளேஆஃபில் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கியவர்களிலேயே வயதில் மிகச் சிறியவர். பை கிடையாது, ஓய்வும் கிடையாது. சொந்த மைதானத்தில் சார்ஜர்ஸிடம் நான்காம் குவார்ட்டரில் 23-3 என்று பின்தங்கி, கடைசியில் 23-17 என்று தோற்றார். இரண்டு வாரம் முன்புதான் சந்தித்த அணி என்பதால் சார்ஜர்ஸ் அவருக்கென்றே ஒரு தற்காப்புத் திட்டம் வைத்திருந்தது. ஆக, ஓய்வே இல்லாமலும் அதே தடுமாற்றம்.

2023 சீசனில் ரேவன்ஸுக்கு மறுபடியும் முதலிடம். அதே கோச் ஜான் ஹார்பா. மறுபடியும் கடைசி வாரம் ஜாக்சன் ஆடவில்லை. டிசம்பர் 31 முதல் ஜனவரி 20 வரை, மறுபடியும் சரியாக 20 நாள். எதிரில் ஹூஸ்டன் டெக்சன்ஸ். பாதி ஆட்டம் முடிந்தபோது 10-10. பழைய கதைதான் என்று பலரும் நினைத்திருப்பார்கள். முடிவு 34-10. ஜாக்சன் இரண்டு டச்டவுன் எறிந்தார், இரண்டு ஓடி எடுத்தார், இரண்டாம் பாதியில் டெக்சன்ஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அதே ஆள், அதே கோச், அதே அளவு ஓய்வு. மாறியது வயதும், இடைப்பட்ட தோல்விகள் கற்றுக்கொடுத்ததும்.

பை வாங்கிய மற்ற இளம் குவார்ட்டர்பேக்குகள் எப்படி ஆடினார்கள்?

கலவையாகத்தான்.

2001-ல் இரண்டாம் ஆண்டு டாம் பிரேடி, பைக்குப் பிறகு பனி கொட்டும் இரவில் ரெய்டர்ஸிடம் நான்காம் குவார்ட்டர் தொடக்கத்தில் 13-3 என்று பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 16-13 என்று ஜெயித்து, சூப்பர் பவுலும் எடுத்தார். 2004-ல் முதலாண்டு பென் ராத்லிஸ்பெர்கர், 15-1 ஸ்டீலர்ஸோடு வந்து, ஜெட்ஸுக்கு எதிராக இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஜெட்ஸ் கிக்கர் கடைசி நேரத்தில் இரண்டு ஃபீல்ட் கோல்களை (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தவறவிட்டதால் தப்பித்து, கூடுதல் நேரத்தில் 20-17. அடுத்த வாரம் பேட்ரியாட்ஸிடம் 41-27 என்று தோல்வி. 2018-ல் பேட்ரிக் மஹோம்ஸ், தொடக்க வீரராக முதல் சீசன். கோல்ட்ஸை 31-13 என்று ஆரம்பத்திலிருந்தே அடித்து நொறுக்கினார்.

2016 டல்லஸ் கவ்பாய்ஸ் எனக்கு எப்போதும் மனசில் நிற்கிற உதாரணம். குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட், ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) எசக்கியல் எலியட், இருவருமே முதலாண்டு. 13-3, முதலிடம், பை. பேக்கர்ஸிடம் 21-3 என்று பின்தங்கினார்கள். "பார்த்தீர்களா, ஓய்வு!" என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பிரெஸ்காட் அன்று 302 யார்டு, 3 டச்டவுன் எறிந்து 31-31 என்று சமன் செய்ய வைத்தார். மூன்றாவது டவுன், 20 யார்டு தேவை, 12 விநாடி மிச்சம். ஆரன் ராட்ஜர்ஸ் ஓடிக்கொண்டே எறிந்த 36 யார்டு பாஸ், பிறகு மேசன் கிராஸ்பியின் 51 யார்டு கிக். அந்த ஒரு பாஸுக்கும் டல்லஸின் ஓய்வு வாரத்துக்கும் என்ன சம்பந்தம்? எதிரில் இருந்தது ராட்ஜர்ஸ், அவ்வளவுதான்.

2025 சீசனில் டென்வரின் போ நிக்ஸ், இரண்டாம் ஆண்டு வீரர், பைக்குப் பிறகு பஃபலோவை 33-30 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார். அதே ஆட்டத்தில் கணுக்கால் எலும்பு முறிந்து அவர் சீசன் முடிந்துபோனது. அடுத்த சுற்றில் அவர் இல்லாத டென்வர் 10-7 என்று நியூ இங்கிலாந்திடம் தோற்றது. முதல் சுற்று ஆட்டம் ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் காயத்துக்கு இன்னொரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும்.

முதல் சுற்று ஆடி ஜெயித்து வருகிற இளம் அணிக்கு வேகம் கூடாதா?

கூடும். இதை நான் மறுக்க மாட்டேன். 2024 சீசனில் வாஷிங்டன் கமாண்டர்ஸின் முதலாண்டு வீரர் ஜேடன் டேனியல்ஸ், டாம்பாவில் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்த ஃபீல்ட் கோலால் 23-20 என்று தப்பித்தார். அடுத்த வாரம் 15-2 என்று வந்த டெட்ராய்ட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 45-31 என்று சாய்த்தார்கள். டெட்ராய்ட் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. 2023-ல் லீக்கிலேயே மிக இளைய அணியான கிரீன் பே, ஏழாவது இடத்திலிருந்து போய் டல்லஸை 48-32 என்று வென்றது. ஏழாம் இடத்து அணி பிளேஆஃபில் ஜெயித்தது அதுவே முதல் முறை.

சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்றான கான்ஃபரன்ஸ் இறுதி வரை போன முதலாண்டு குவார்ட்டர்பேக்குகள் ஆறு பேர்: ஷான் கிங், ராத்லிஸ்பெர்கர், ஜோ ஃப்ளாக்கோ, மார்க் சான்செஸ், பிராக் பர்டி, டேனியல்ஸ். முதல் இருவர் மட்டுமே பை வாங்கிப் போனவர்கள். மற்ற நால்வரும் ஒவ்வொரு சுற்றாக ஆடிப் போனார்கள். ஆறு பேரில் ஒருவரும் சூப்பர் பவுல் வரை போகவில்லை.

ஆனால் இந்த வேகக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாம் ஞாபகம் வைத்திருப்பது முதல் சுற்றில் ஜெயித்தவர்களை மட்டும். அதே வார இறுதியில் தோற்று வீட்டுக்குப் போன இளம் அணிகளின் வேகம் பற்றி யாரும் எழுதுவதில்லை. அப்படி ஜெயித்து வந்த 2023 கிரீன் பே, அடுத்த வாரம் ஓய்வில் இருந்து வந்த சான் பிரான்சிஸ்கோவிடம் 24-21 என்று தோற்றது. கிளீவ்லாண்டை 45-14 என்று துவைத்துவிட்டு வந்த முதலாண்டு சி.ஜே. ஸ்ட்ரவுட்தான் பால்டிமோரில் 34-10 வாங்கினார்.

கல்லூரி ஆட்டங்களில் பை வாங்கியவர்கள் எல்லோரும் தோற்றார்களே?

கிட்டத்தட்ட. இங்கேதான் என் பதில் மாறுகிறது.

கல்லூரி பிளேஆஃப் 2024 சீசனில் 12 அணிகளாக விரிந்தது. நான்கு அணிகளுக்கு பை. நான்குமே காலிறுதியில் தோற்றன. ஓரிகன் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 41-21, ஜார்ஜியா நோட்டர் டேமிடம் 23-10, பாய்சி ஸ்டேட் பென் ஸ்டேட்டிடம் 31-14, அரிசோனா ஸ்டேட் டெக்சஸிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 39-31. 2025 சீசனிலும் நான்கில் மூன்று தோல்வி: ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக். இண்டியானா மட்டும் அலபாமாவை 38-3 என்று வென்று, கடைசியில் கோப்பையும் எடுத்தது. எட்டில் ஒன்று.

இதில் ஓய்வைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. 2024 விதிப்படி பை கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் தனித்தனி லீக்) சாம்பியன்களுக்கு மட்டும். அதனால் தரவரிசையில் 9-ம் இடத்து பாய்சி ஸ்டேட்டுக்கும் 12-ம் இடத்து அரிசோனா ஸ்டேட்டுக்கும் கிடைத்தது. எதிரில் வந்தவர்கள் அவர்களைவிட வலுவானவர்கள். அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள். ஜார்ஜியாவுக்கு முதன்மை குவார்ட்டர்பேக் காயம். மாற்று வீரர் கன்னர் ஸ்டாக்டனுக்கு அதுதான் முதல் தொடக்க ஆட்டம்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது. ஓரிகன் டிசம்பர் 7-ல் ஆடிவிட்டு ஜனவரி 1-ல் இறங்கியது, 25 நாள். அக்டோபரில் தான் 32-31 என்று வென்ற ஒஹாயோ ஸ்டேட்டிடம் இரண்டாம் குவார்ட்டரிலேயே 34-0 என்று விழுந்தது. ஒஹாயோ ஸ்டேட் அதற்குப் பதினோரு நாள் முன்புதான் டென்னசி பல்கலைக்கழக அணியை 42-17 என்று வென்று சூடாக வந்திருந்தது. அடுத்த வருடம் அதே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு பை கிடைத்தது, அதே 25 நாள். மயாமியிடம் பாதி ஆட்டத்தில் 14-0, கடைசியில் 24-14 தோல்வி. குவார்ட்டர்பேக் ஜூலியன் சாயின் அணியின் இளையவர்களில் ஒருவர். முந்தைய வருடம் பை இல்லாமல் நான்கு ஆட்டமும் ஆடிக் கோப்பை எடுத்தபோது அந்த இடத்தில் இருந்தவர் இறுதியாண்டு வீரர் வில் ஹோவார்ட்.

26 நாள் ஓய்வுக்குப் பிறகும் அசராத இண்டியானா எப்படிப்பட்ட அணி? பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வேறு கல்லூரிகளிலிருந்து கொண்டுவந்த, பல வருடம் ஆடிப் பழகிய வீரர்களால் நிரம்பியது. ஒரே உதாரணத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் நீண்ட இடைவெளியை வயது முதிர்ந்த அணி தாங்கிக்கொள்கிறது என்ற என் எண்ணத்தோடு இது ஒத்துப்போகிறது.

இன்னொன்று. என்.எஃப்.எல்-ல் பை வாங்கிய அணி சொந்த மைதானத்தில் ஆடுகிறது. கல்லூரியில் முதல் சுற்று ஆடுகிற 5 முதல் 8-ம் இடத்து அணிகளுக்குத்தான் சொந்த வளாகத்தில் ஆட்டம். பை வாங்கியவர்கள் நேராகப் பொது மைதானத்துக்குப் போகிறார்கள். பரிசு என்று கொடுத்துவிட்டு அதன் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. காலிறுதியையும் உயர்ந்த இடத்து அணியின் வளாகத்தில் நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

கடைசி வாரம் முக்கிய வீரர்களை உட்கார வைக்கலாமா?

இதுதான் கோச் கையில் உண்மையிலேயே இருக்கிற முடிவு. பை வாரம் தானாக வருகிறது. அதோடு இன்னொரு வாரத்தைச் சேர்ப்பது அவர் விருப்பம். 2024-ல் கான்சஸ் சிட்டி டிசம்பர் 25-க்குப் பிறகு முக்கிய வீரர்களை வைத்துக்கொண்டு ஆடவே இல்லை. மாற்று வீரர்களோடு டென்வரிடம் 38-0 என்று தோற்றது. 24 நாள் கழித்து ஹூஸ்டனை 23-14 என்று வென்றது. மஹோம்ஸ், டிராவிஸ் கெல்சி மாதிரி சூப்பர் பவுல் பல ஆடியவர்களுக்கு அது ஒத்துவரும்.

இளம் அணி என்றால், காயம் இல்லாதவர்களைக் கடைசி வாரம் முதல் பாதியாவது ஆட விடுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆட்ட வேகத்தைப் பார்க்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லதில்லை. காயம் இருந்தால் பேச்சே இல்லை, உட்கார வைக்க வேண்டும். 2022-ல் தோள்பட்டைக் காயத்தால் இரண்டு ஆட்டம் விட்ட 24 வயது ஜேலன் ஹர்ட்ஸ், கடைசி ஆட்டம் ஆடி முதலிடத்தை உறுதிசெய்து, பை வாரத்தில் ஆறவைத்துக்கொண்டு வந்தார். பிலடெல்பியா ஜயன்ட்ஸை 38-7 என்று வென்றது, சூப்பர் பவுல் வரை போனது.

பை வாரத்தில் இளம் அணி என்ன செய்ய வேண்டும்?

எதிராளி யார் என்று முதல் சுற்று முடியும்வரை தெரியாது. அதனால் அந்த வாரம் எதிராளிக்கான நேரம் இல்லை, தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற நேரம். சீசன் முழுக்க எந்த நிலைமையில் எந்த பிளேயை (திட்டமிட்ட நகர்வை) கூப்பிட்டோம், எதிராளி நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருப்பான் என்று பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான்காவது டவுனில் ஒரு யார்டு என்றால் குவார்ட்டர்பேக் தானே ஓடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அந்த இடத்தில் புதிதாக ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

பயிற்சியில் தொடக்க வீரர்களை மாற்று வீரர்களோடு விடாமல், தொடக்க வீரர்களோடேயே முழு வேகத்தில் மோத விட வேண்டும், கொஞ்ச நேரமாவது. வீரர் சங்க ஒப்பந்தப்படி முழுக் கவசப் பயிற்சிக்குக் கடுமையான வரம்பு உண்டு. வழக்கமான சீசன் முழுவதற்குமே 14 தான். ஆகவே உடம்பு மோதாமல் வேகத்தை மட்டும் பழக்கும் வழியைத் தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, பின்தங்கி ஆடுவதைப் பழக்க வேண்டும். "ஸ்கோர் 14-0, இரண்டாம் குவார்ட்டர், பந்து நம்மிடம்" என்று வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் தன் சொந்த ஆட்டத்தையே ஆடுவது. ஜெயித்தே பழகிய இளம் அணிக்கு அந்த அனுபவம் சீசனில் கிடைத்திருக்காது.

பள்ளி அணிகளுக்கும் இதே பதிலா?

பல மாநிலங்களில் பள்ளி பிளேஆஃபிலும் முன்னணி அணிகளுக்கு முதல் சுற்று பை உண்டு. இடைவெளி பெரும்பாலும் ஒரு வாரம்தான் கூடுகிறது, எனவே கல்லூரி அளவுக்குப் பயம் வேண்டாம். 16 வயதுப் பையன்களுக்கு உடம்பு சீக்கிரம் தேறிவிடும். அவர்களுக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு ஆடும் பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பது. ஆட்டம் இல்லாத வெள்ளி இரவு அதே நேரத்துக்கு, அதே விளக்கொளியில், உடை மாற்றி ஒரு மணி நேரப் பயிற்சி வைத்தால் போதும்.

எங்கள் அணிக்கு இந்த முறை பை கிடைத்திருக்கிறது. ஆட்டத்தில் எதைக் கவனிப்பது?

முதல் குவார்ட்டர் ஸ்கோரைப் பார்த்துப் பதறாதீர்கள். 2023 ரேவன்ஸ் பாதி ஆட்டத்தில் 10-10 என்றுதான் இருந்தது. பெனால்டி, கைநழுவும் பாஸ், ஸ்னாப் (ஆட்டம் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) தவறு, இவைதான் டச் விட்டுப்போனதற்கான அடையாளம். முதல் இரண்டு டிரைவுக்குள் (பந்து தன் கையில் இருக்கும் தொடர் முயற்சி) அவை நின்றுவிட்டால் ஓய்வின் விளைவு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் அணி தடுமாறினால், சீசன் முழுக்க எந்த பிளேக்களால் ஜெயித்தார்களோ அவற்றைக் கோச் இன்னும் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள்.